அரசு போடும் விதிகளுக்குக் கணக்கு கேட்பது யார்?

2023 மார்ச் கடைசியில் விஸ்கோஸ் இழைக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ரயான் நூல் இந்த இழையிலிருந்துதான் நூற்கப்படுகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாத இழையை இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்பது ஆணையின் சாரம். வெளிநாட்டு ஆலை ஒன்றுக்கு அந்த முத்திரை வேண்டுமானால் அதன் ஆலையும் சரக்கும் சோதிக்கப்பட்டு உரிமம் கிடைக்க வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை சரக்கு வராது. தமிழ்நாட்டு நூற்பாலைகளும் ரயான் நெய்யும் விசைத்தறிக்காரர்களும் அப்போதே முறையிட்டார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசே அந்த ஆணையை விலக்கிக்கொண்டது.

போட்டதும் அரசிதழில் ஒரு அறிவிக்கை, எடுத்ததும் அரசிதழில் ஒரு அறிவிக்கை. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் இதன் மீது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. ஆணை சரியா தவறா என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். இப்படி ஒரு விதி யாருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது, பதிலுக்கு என்ன பயன் தருகிறது என்று கேட்கும் வேலை யாருடையது? மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர்கள் அதைக் கேட்க வழி இருக்கிறதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சட்டம் வேறு, விதி வேறு

நாடாளுமன்றம் நிறைவேற்றுவது சட்டம். அதைக் கையில் எடுத்துப் படித்தால் பாதிப் பிரிவுகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ‘வகுத்துரைக்கப்பட்டவாறு’. கட்டணம் எவ்வளவு, படிவம் எது, உரிமம் யாருக்கு, காலக்கெடு எத்தனை நாள் என்பதையெல்லாம் பிறகு அரசு எழுதிக்கொள்ளும் என்று அதற்குப் பொருள். அப்படிப் பிறகு எழுதப்படுவதற்குச் சார்நிலைச் சட்டம் என்று பெயர். அதில் பல வகை உண்டு.

1. விதிகள்: அமைச்சகம் எழுதுவது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அன்றாடம் நம்மைத் தொடும் விவரமெல்லாம் 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது.

2. ஒழுங்குமுறைகள்: தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் டிராய், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஆணையங்கள் எழுதுவது.

3. ஆணைகளும் அறிவிக்கைகளும்: சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து அரசு நேரடியாக வெளியிடுவது. மேலே சொன்ன தரக் கட்டுப்பாட்டு ஆணை இந்த வகை.

எந்த அளவுக்கு இப்படிக் கை மாற்றிக் கொடுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கொள்கையைத் தீர்மானிக்கும் அடிப்படை வேலையைச் சட்டமன்றம் இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது என்று டெல்லிச் சட்டங்கள் வழக்கில் 1951-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையில் எது கொள்கை, எது விவரம் என்று பிரிப்பது லேசான வேலையில்லை. 2016 நவம்பர் 8 இரவில் புழக்கத்திலிருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவீதம் செல்லாது என்று ஆனதும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2) பிரிவின்கீழ் வெளியான ஓர் அறிவிக்கையால்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அது செல்லும் என்றார்கள். நீதிபதி நாகரத்னா மட்டும், இவ்வளவு பெரிய முடிவு நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக வந்திருக்க வேண்டும் என்று மாறுபட்டார்.

விதி இல்லாமல் சட்டம் நகராது என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. விதிகள் வந்தது 2024 மார்ச்சில். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில். ஆக, சட்டத்துக்கு உயிர் கொடுப்பதும் கொடுக்காமல் வைத்திருப்பதும் விதி எழுதுபவர் கையில்.

செலவு என்றால் யாருடைய செலவு?

ஒரு விதியின் செலவைப் பேசும்போது மூன்று பைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது அரசின் பை: சோதனைக்கூடம், ஆய்வாளர் சம்பளம், கணினி. இரண்டாவது, விதிக்குக் கட்டுப்பட வேண்டியவரின் பை: உரிமக் கட்டணம், மாதிரிச் சோதனை, கணக்குப் புத்தகம், அதற்கென்று வைக்கும் ஆள், காத்திருக்கும் நாட்கள். இதை இணக்கச் செலவு என்கிறார்கள். மூன்றாவது பை விதியில் பெயரே வராத ஆட்களுடையது. இழை இறக்குமதியாளருக்குப் போட்ட கட்டுப்பாடு நூல் விலையாக மாறி, நாலு கை தாண்டி, தறி ஓட்டுபவரின் கூலியில் போய் நிற்கலாம்.

பயன் பக்கத்திலும் இதே சிக்கல்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தலைக்கவச விதியால் பிழைத்தவர் யார் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. கலப்பட மருந்தைச் சாப்பிடாமல் தப்பியவருக்குத் தான் தப்பியதே தெரியாது. செலவு சிலர் தலையில் மொத்தமாக விழுகிறது, அதனால் அவர்கள் சத்தம் போடுகிறார்கள். பயன் பல கோடிப் பேருக்குச் சிறுசிறு துளியாகப் போகிறது, அதனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. செலவை மட்டும் எண்ணுகிற கணக்கு எப்போதும் ‘விதியே வேண்டாம்’ என்ற விடையைத்தான் தரும். அதையும் நம்பக் கூடாது.

மசோதாவின் கடைசிப் பக்கங்கள்

எந்த மத்திய அரசு மசோதாவையும் கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டிப் பாருங்கள். பிரிவுகளெல்லாம் முடிந்த பிறகு இரண்டு குறிப்பாணைகள் இருக்கும். பத்திரிகைகளில் இவை பற்றி அநேகமாக எழுதுவதில்லை. ஆனால் நம் கேள்விக்கான பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

முதலாவது நிதிக் குறிப்பாணை. மசோதாவால் செலவு ஏற்படும் என்றால் எவ்வளவு என்று இதில் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே செலவு என்பது இந்தியாவின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் கஜானாவிலிருந்து போகும் பணம் மட்டுமே. மேலே சொன்ன முதல் பை இதுதான். புதிய ஆணையம் அமைத்தால் அதன் தலைவருக்கு எவ்வளவு சம்பளம், அலுவலகத்துக்கு எவ்வளவு என்று எழுதுவார்கள். அந்த ஆணையம் போடப்போகும் விதிகளுக்காக லட்சக்கணக்கான கடைக்காரர்கள் எவ்வளவு செலவழிப்பார்கள் என்பதற்கு அதில் இடமே கிடையாது. அரசுக்குச் செலவு இல்லையென்றால் ‘தொகுப்பு நிதியிலிருந்து செலவு ஏதும் இல்லை’ என்ற ஒரு வரியோடு வேலை முடிந்தது. ஊரே செலவழிக்கப்போகிற மசோதாவுக்கும் இந்த ஒரு வரி போதும்!

இரண்டாவது, ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் பற்றிய குறிப்பாணை. எந்தெந்தப் பிரிவுகளின்கீழ் அரசு விதி எழுதப்போகிறது என்ற பட்டியல் இதில் வரும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் முடிவு ஏறக்குறைய ஒரே அச்சுதான்: இவை நடைமுறை சார்ந்த விவரங்கள், மசோதாவிலேயே இவற்றுக்கு வழி செய்வது சாத்தியமில்லை, ஆகவே இந்த அதிகார ஒப்படைப்பு வழக்கமான தன்மையுடையது. எது வழக்கமானது, எது அசாதாரணமானது என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லா மசோதாவுக்கும் ஒரே முத்திரை குத்தினால் அப்புறம் அந்தக் குறிப்பாணை எதற்கு?

விதி அவைக்கு வரும்போது

விதி எழுதி, அரசிதழில் வெளியிட்டு, அமலுக்கும் வந்தாயிற்று. இப்போதுதான் அது நாடாளுமன்றத்துக்கு வருகிறது. பெரும்பாலான சட்டங்களில் உள்ள ஏற்பாடு இது:

1. கூட்டத்தொடர் நடக்கும்போது விதியை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாட்களுக்கு வைக்க வேண்டும். ஒரே கூட்டத்தொடரில் முடியாவிட்டால் அடுத்தடுத்த தொடர்களிலும் சேர்த்துக் கணக்கிடலாம்.

2. அதற்கடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள், இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், அல்லது ரத்து செய்யலாம்.

3. ரத்து செய்தாலும் அதுவரை அந்த விதியின்கீழ் நடந்தவை செல்லும்.

இரண்டாவது அம்சத்தில்தான் முடிச்சு. ஓர் அவை மட்டும் எதிர்த்தால் போதாது, இரண்டும் சேர வேண்டும். மக்களவையில் பெரும்பான்மை உள்ள கட்சியின் அரசுதான் அந்த விதியையே எழுதியிருக்கிறது என்பதால் விதி அங்கே தோற்பது எவ்வளவு அரிது என்று சொல்லத் தேவையில்லை. அவையில் வைக்கவே மறந்துவிட்டால்? அட்லஸ் சைக்கிள் நிறுவன வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை: அவையில் வைக்க வேண்டும் என்பது அங்கே வழிகாட்டும் தன்மையுடையதுதான், வைக்கத் தவறியதற்காக ஆணை செல்லாமல் போகாது.

இந்த ஏற்பாட்டை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்த ஒருவர் உண்டு. 2011 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இடைநிலை நிறுவனங்களுக்கான, அதாவது மற்றவர்கள் எழுதுவதை வெளியிட இடம் தரும் இணைய நிறுவனங்களுக்கான விதிகள் வந்தன. யாராவது புகார் கொடுத்தால் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வம்பு எதற்கு என்று கேள்வி கேட்காமல் அந்தப் பதிவை நீக்கிவிடத்தான் எந்த நிறுவனத்துக்கும் தோன்றும். அதற்கான விலையைக் கொடுப்பது எழுதியவர், அதாவது நாம் சொன்ன மூன்றாவது பை. கேரளத்தைச் சேர்ந்த மார்க்சிஸ்ட் மாநிலங்களவை உறுப்பினர் பி. ராஜீவ் இந்த விதிகளை ரத்து செய்யக் கோரி தீர்மானம் கொண்டுவந்தார். 2012 மே மாதம் விவாதம் நடந்தது. கட்சி வேறுபாடு பாராமல் பலர் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். அமைச்சர் கபில் சிபல் எல்லாத் தரப்பையும் கலந்து பேசுவதாக உறுதி சொன்னார். தீர்மானம் தோற்றது.

ஆனாலும் அந்த விவாதம் வீண்போகவில்லை என்றே சொல்வேன். 2013 மார்ச்சில் மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு அதே விதிகளை ஆராய்ந்து, தெளிவில்லாத இடங்களைத் திருத்தச் சொன்னது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால் மட்டுமே நிறுவனம் நீக்க வேண்டும் என்று அந்த விதியைச் சுருக்கிப் பொருள் கொண்டது. நாடாளுமன்றத்தால் நேராகச் செய்ய முடியாததைச் சுற்றிவளைத்து நீதிமன்றம் செய்தது, நான்கு ஆண்டு கழித்து.

குழு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

மேலே வந்த சார்நிலைச் சட்டக் குழு மக்களவையில் 1953-லிருந்து, மாநிலங்களவையில் 1964-லிருந்து இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 15 உறுப்பினர்கள். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இதே வேலைக்கு ஒரு குழு உண்டு. அரசிதழில் வரும் விதிகளை எடுத்து, அவற்றுக்கு அதிகாரம் கொடுத்த தாய்ச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவர்கள் வேலை.

எதை ஒப்பிட வேண்டும் என்று மக்களவை நடைமுறை விதி 320 ஒரு பட்டியலே தருகிறது. விதி சட்டத்தின் நோக்கத்துக்குள் அடங்குகிறதா, சட்டத்தில் இருக்க வேண்டியதை விதியில் வைத்திருக்கிறார்களா, வரி போடுகிறதா, நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைக்கிறதா, முன்தேதியிட்டு அமலாகிறதா, தொகுப்பு நிதியில் கை வைக்கிறதா, வெளியிடவோ அவையில் வைக்கவோ காரணமில்லாமல் தாமதித்தார்களா. எல்லாம் நல்ல கேள்விகள். சட்டம் படித்தவர் கேட்கும் கேள்விகள். ‘இதற்கு ஆகும் செலவுக்கு இது தகுமா?’ என்று கணக்குப்பிள்ளை கேட்கும் கேள்வி மட்டும் பட்டியலில் இல்லை. அரசு செலவழித்த பணத்தைத் தணிக்கை செய்யத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். விதியின் பேரில் மக்கள் செலவழிக்கும் பணம் அவருடைய பேரேட்டிலும் வராது.

ஒரு ரூபாய் வழக்கு

கணக்கே போடாமல் விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கைபேசி வழக்கு ஒன்று பாடம். பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோவது 2015-ல் பெரிய தலைவலி. அந்த அக்டோபரில் டிராய் ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது: அறுந்த ஒவ்வொரு அழைப்புக்கும் வாடிக்கையாளருக்கு ரூ.1, ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று அழைப்புகளுக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

காரணங்களைப் பாருங்கள். டிராய் ஏற்கெனவே வைத்திருந்த தர அளவீடு 2 சதவீத அழைப்புகள் வரை அறுந்துபோகலாம் என்று அனுமதித்தது. அந்த எல்லைக்குள் இருந்த நிறுவனமும் புதிய ஒழுங்குமுறைப்படி அபராதம் கட்ட வேண்டும். டிராயின் தொழில்நுட்ப அறிக்கையே, அறுந்துபோகும் அழைப்புகளில் சராசரியாக 36.9 சதவீதம் வாடிக்கையாளர் தரப்புக் காரணங்களால் அறுகின்றன என்றது. அந்தச் சுமையும் நிறுவனத்தின் தலையில்தான் வைக்கப்பட்டது. கருத்துக் கேட்டார்கள், வந்த எதிர்வாதங்களுக்குத் தக்க காரணத்தோடு பதில் சொல்லவில்லை. விதி போடுவதற்கு முன் அறிவித்து, கருத்துக் கேட்டு, காரணம் எழுதும் முறையை எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக்கும் சட்டம் ஒன்றை அமெரிக்காவில் இருப்பதுபோல் இயற்றுவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை. கடைசியில் வாடிக்கையாளருக்கு அந்த ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.

கணக்கு இருந்தும் தோற்ற விதி

அமெரிக்காவில் இந்தக் கணக்கு கட்டாயம். ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் தாக்கம் உள்ள விதி என்றால் செலவு–பயன் மதிப்பீடு எழுதி வெள்ளை மாளிகையின் கீழுள்ள தகவல், ஒழுங்குமுறை விவகார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 1981-ல் ரீகன் காலத்தில் தொடங்கி, 1993-ல் கிளிண்டன் ஆணையால் மாற்றி எழுதப்பட்ட நடைமுறை. எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்களின் துணைவர்களுக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதியை நீக்கும் முன்மொழிவு ‘பரிசீலனைக்குப் போயிருக்கிறது’ என்று 2019-ல் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பதறினார்களே, அது போயிருந்த இடம் இதுதான். 1996-ல் நாடாளுமன்ற மீளாய்வுச் சட்டமும் வந்தது. புதிய விதியை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் நிராகரித்து, அதிபரும் கையெழுத்துப் போட்டால் விதி செத்தது.

அதில் முதலில் பலியானது பணியிட உடற்சிரமம் பற்றிய விதி. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால், பாரம் தூக்குவதால் தொழிலாளருக்கு வரும் முதுகு, மணிக்கட்டுக் காயங்களைத் தடுக்க 2000 நவம்பரில் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்டது. அந்த அமைப்பின் கணக்குப்படி ஆண்டுச் செலவு 450 கோடி டாலர், பயன் 910 கோடி டாலர், அதாவது இரண்டு மடங்கு. தொழில் நிறுவனங்கள் செலவு இதைப்போல் பல மடங்கு என்றன. 2001 மார்ச்சில் செனட் 56–44, பிரதிநிதிகள் சபை 223–206 என்று வாக்களித்து விதியை ஒழித்தன. ஆட்சி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு, கணக்கெல்லாம் வெறும் அலங்காரம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 910 கோடி என்ற எண் எழுத்தில் இருந்ததால்தான், வாக்களித்த ஒவ்வொருவரும் எதைத் தூக்கி எறிகிறார் என்று இருபது ஆண்டு கடந்தும் நாம் பேச முடிகிறது. இங்கே அப்படிப் பேச எண்ணே இல்லை.

விஸ்கோஸுக்கு அந்தக் கணக்கைப் போட்டிருந்தால்

திரும்ப இழைக்கு வருவோம். வெளிநாட்டுச் சரக்கு மலிவு விலையில் வந்து குவிவதைத் தடுக்கப் போடுவது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. வெளிநாட்டு விஸ்கோஸ் இழை மீதான அந்த வரி 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. அந்த வகை வரி போட வேண்டுமானால் விசாரணை நடக்க வேண்டும்; உள்நாட்டு ஆலைகளுக்குப் பாதிப்பு என்று எண்களோடு நிரூபிக்க வேண்டும்; இழையை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் எதிர்வாதம் வைக்கலாம். அது போன பிறகு 2023-ல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு அத்தகைய பாதிப்பு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டுமே இறக்குமதியைக் குறைக்கும். ஒன்றுக்குக் கணக்கு உண்டு, மற்றதற்குக் கிடையாது. அரசு எந்த வாசலில் நுழைகிறது என்பதை வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை மாறிவிடுகிறது.

ஆணையோடு ஒரு கணக்குத் தாளும் அவையில் வைக்கப்பட்டிருந்தால் உறுப்பினர்கள் கேட்டிருக்கக்கூடியவை:

1. தரமற்ற இழை இதுவரை எவ்வளவு வந்தது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சோதனை முடிவுகள் எங்கே?

2. உள்நாட்டில் இந்த இழை செய்யும் ஆலைகள் எத்தனை? இறக்குமதி சுருங்கினால் விலையை யார் தீர்மானிப்பார்கள்?

3. இழை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் நூற்பாலைக்கு, தறிக்காரருக்கு, துணி ஏற்றுமதியாளருக்கு எவ்வளவு?

4. முத்திரைக்குப் பதில் துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தால் போதாதா?

5. எத்தனை மாதத்தில் இதைத் திரும்பப் பார்ப்பீர்கள்?

ஐந்தாவது கேள்வி ஒன்றையாவது கேட்டிருந்தால் இரண்டரை ஆண்டு ஆகியிருக்காது என்பது என் கணிப்பு.

எழுதி வைத்த கொள்கை

இப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் இதுவரை நினைக்காமல் இல்லை. 2014-ல் மத்திய அரசே ‘சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை’ என்று ஒன்றை வெளியிட்டது. மசோதாவானாலும் விதியானாலும் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும். ஏன் தேவை, உத்தேசச் செலவு எவ்வளவு, பாதிக்கப்படுவோரின் வாழ்வாதாரத்துக்கு என்ன ஆகும், அடிப்படை உரிமைகளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். நல்ல கொள்கை. ஆனால் சட்டம் அல்ல என்பதால், பின்பற்றாவிட்டால் விதிக்கு ஒன்றும் ஆகாது.

ஆணையங்கள் சில முந்திக்கொண்டன. 2013-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம், விதி போடும் அமைப்புகள் செலவு–பயன் ஆய்வு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. திவால் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் திவால் வாரியம் 2018-ல் தனக்குத்தானே அப்படி ஒரு நடைமுறையை எழுதிக்கொண்டது. ரிசர்வ் வங்கி 2025 மே மாதம், வரைவு வெளியிட்டு 21 நாளாவது கருத்துக் கேட்பது, முடிந்தவரை தாக்க ஆய்வு செய்வது என்று ஒரு கட்டமைப்பை அறிவித்தது. அமைச்சகங்கள் எழுதும் விதிகளுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. அந்தக் கணக்குகள் எதுவும் நாடாளுமன்றக் குழுவின் மேசைக்குப் போவதாகவும் ஏற்பாடு இல்லை. நிதிக் குறிப்பாணையில் ‘மக்களுக்கு ஆகும் செலவு’ என்று ஒரு பத்தி சேர்ப்பதற்கும், விதி 320-ன் பட்டியலில் ஒரு வரி கூட்டுவதற்கும் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. அவைகள் தங்கள் நடைமுறை விதிகளைத் திருத்திக்கொண்டாலே போதும்.

அதுவரை வாசகர் கையில் இருப்பது அரசிதழ்தான். மத்திய அரசிதழில் இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவில் ஜி.எஸ்.ஆர்., எஸ்.ஓ. என்று தொடங்கும் எண்களோடு விதிகளும் ஆணைகளும் வருகின்றன, இணையத்தில் இலவசம். ‘வரைவு’ என்று தலைப்பில் இருந்தால், ஆட்சேபம் தெரிவிக்க வேண்டிய கடைசி நாளும் அனுப்ப வேண்டிய முகவரியும் வழக்கமாக முதல் பத்தியிலேயே இருக்கும்.